நான் மாற்றிச் சொன்ன வசனம்

எங்கள் கோயில் பங்கில், பாஸ்காத் திருநாளுக்கு முந்திய தபசு காலம் ஒன்றில் காட்டிய படத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து நினைத்து விட்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதுவதென்றால் அதில் ஒரு தாய் பேசிய இரண்டு வசனங்களைப் பற்றியும் எழுதவேண்டும். கூடியிருந்த சனத்துக்கு அந்த வசனங்களைத் தமிழில் சொல்லவேண்டியவள் நான். நான் அவற்றை மாற்றிச் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் நம்பிக்கை இழந்து செத்தார்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்களுடைய கப்பல் பட்டறையான டொக்யார்ட்டில் வேலை பார்த்த ஆண்களில் பாதிப்பேர் வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். என் கணவருக்குக் கப்பலில் சாமான் இறக்கும் ஒரு கொம்பனியில் இடம் கிடைத்தது. கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்கும். மேல்தளத்தில் இருக்கும் விஞ்சு என்ற பாரந்தூக்கி, கயிற்று வலையில் அரிசி மூட்டைகளைத் தூக்கிப் பக்கத்தில் கட்டியிருக்கும் தட்டைப் படகுக்குள் இறக்கும். படகுக்குள் நின்று வலையைப் பிடித்து மூட்டைகளை அடுக்குவது என் கணவரின் வேலை.

கச்சான் காற்று வீசிய ஒரு ஆவணி மாதத்து முற்பகலில் வலை பாதி வழியில் நிற்காமல் ஒரேயடியாகக் கீழே விழுந்தது. பன்னிரண்டு மூட்டைகள். என் கணவர் படகின் தரையிலேயே முடிந்துபோனார். நான் அப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கலியாணமாகி நாலு வருடம். பிள்ளைகள் இல்லை.

விஞ்சை இயக்கியவர் எங்கள் கோயில்காரர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தார். பெரிய வெள்ளியன்று சிலுவை தூக்குபவர்களில் அவரும் ஒருவர். அன்று காலை அவர் வாயில் சாராய வாடை அடித்தது என்று படகில் நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கொம்பனி வைத்த விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. கயிறு பழையது என்று எழுதி விசாரணையை மூடினார்கள். அவருக்குக் கரையில் வேறு வேலை கொடுத்தார்கள்.

இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் என் மனதுக்குள் அவர் 'அவன்'தான். குடித்ததைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. கயிற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குள் ஆறாமல் கிடந்தது.

என் கணவருக்கான முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம் அவரும் மனைவியும் எங்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மனைவிதான் பேசினாள்.

"ரீச்சர், இவர் உங்களோட கதைக்க வேணுமெண்டு வந்தவர்."

நான் அவரைப் பார்த்தேன். "கதைக்கிறதெண்டால் அண்டைக்கு விசாரணையில கதைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். யன்னல் இடுக்கால் பார்த்தபோது இருவரும் இன்னும் அங்கேயே நின்றார்கள். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு அவர்களுக்கு அருகே வந்து, பயப்படாமல் கடந்து போயின. பிறகு அவர்களும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை.

அடுத்த தபசு காலம் தொடங்குவதற்கு முதல் எங்கள் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டிலிருந்து வந்து, புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர். பேசுவதும் அச்சிட்ட புத்தகம் போலவே இருக்கும். கடற்படை போகும்போது விட்டுவிட்டுப் போன சாமான்களுக்குள் ஒரு படம் காட்டும் இயந்திரமும், தகரப் பெட்டிகளில் நாலு சுருள் படமும் அவருக்குக் கிடைத்திருந்தன. அப்போதே அது பழைய படம். நாங்கள் பிறப்பதற்கு முதல் எடுத்ததாக இருக்கவேண்டும். கறுப்பு வெள்ளை. திரை முழுவதும் மழை பெய்வதுபோலக் கீறல்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம்.

"சனங்களுக்கு ஆங்கிலம் விளங்காது. நீங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லவேண்டும். பிறகு ஞானோபதேச வகுப்புக்கு இந்தப் படத்திலிருந்து நாலு பாடங்கள் எழுதித் தாருங்கள்" என்றார் சுவாமி.

முதலில் நானும் அவரும் மட்டும் ஒரு பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தைப் பார்த்தோம்.

பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டின் கிராமம். ஒரு குதிரைவண்டிக்காரன் களைப்பில் கடிவாளத்தைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறான். வழியில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறு பிள்ளை வண்டியில் அடிபட்டுச் சாகிறது. பயத்தில் அவன் வண்டியை விரட்டிக்கொண்டு போய்விடுகிறான். ஊரார் அந்த வழியாக வந்த ஒரு பரதேசியைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். அந்த மனிதன் தனக்காக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வண்டிக்காரனோ அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊருக்கு நல்லவனாகிறான். ஏழைகளுக்கு விறகு கொடுக்கிறான், நோயாளிகளைச் சும்மா ஏற்றிப் போகிறான். கடைசியில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்கிறான். சனம் கொதித்தெழுகிறது. அப்போது பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கடைசி வாங்கிலிருந்து எழுந்து வருகிறாள். அந்தக் கோயிலின் நீளம் முழுவதையும் நடந்து வருகிறாள். அவளுடைய சப்பாத்துச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அவனுக்கு முன்னால் நின்று அவள் சொல்வது இவ்வளவுதான்: நீ வந்து சொல்லுவாய் என்று காத்திருந்தேன்; நான் உன்னை மன்னித்துவிட்டேன், வீட்டுக்குப் போ. பிறகு திரும்பி வாசலால் வெளியே போகிறாள். படம் முடிகிறது.

அவள் அழுவதில்லை. அவனைத் தொடுவதுமில்லை. முகம் கல்லாகவே இருக்கிறது. அந்த முகத்தைப் பார்ப்பவருக்கு அவள் சாபம் போடுகிறாள் என்றுதான் தோன்றும்.

வெளிச்சம் வந்ததும் சுவாமி என்னைப் பார்த்தார். "இந்தப் படம் உங்களுக்கு வருத்தம் தருமானால் வேண்டாம். நான் வேறொருவரைக் கேட்கிறேன்."

"ஏலும் சுவாமி. நான் சொல்லுறன்" என்றேன். உண்மையாகவே ஏலும் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கிழமையில் மூன்று பாடங்கள் எழுதினேன். குற்றமில்லாதவன் வாய் திறவாமல் பாடு படுவதைப் பற்றி ஒன்று. அந்தப் பரதேசியை எங்கள் ஆண்டவரோடு ஒப்பிட்டு எழுதினேன், அது எனக்கு எளிதாக வந்தது. பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு செய்யும் நன்மை மனந்திரும்புதல் ஆகாது என்று இரண்டாவது. அதை எழுதும்போது என் பேனா காகிதத்தைக் கிழித்தது. செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது மூன்றாவது. நாலாவது பாடம் அந்தத் தாயைப் பற்றியது. அதற்கான தாளை எடுத்து வைத்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன். பிள்ளைகளுக்கு அது கடினமாக இருக்கும் என்று சுவாமியிடம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை.

தபசின் நாலாம் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் படம். மண்டப யன்னல்களைச் சாக்குகளாலும் பாய்களாலும் மறைத்திருந்தார்கள். உள்ளே வெக்கை தாங்க ஏலாது. பெண்களும் பிள்ளைகளும் முன்னால் பாயில், ஆண்கள் பின்னால் வாங்குகளில். சுவாமி கடைசியில் இயந்திரத்தோடு நின்றார். அது தையல் மெசின் போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது சுருள் ஓடும்போது பக்கத்துக் கதவால் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. விஞ்ச்காரரின் மனைவி உள்ளே வந்தாள். பின்னால் அவர். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் என்றே சொல்லவேண்டும். அவள் பாயில் இடம் பிடித்தாள். அவர் சுவரோரம், எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றார். திரையின் வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது.

நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் நடுங்கவில்லை. வண்டிக்காரன் விறகு கொடுப்பதைச் சொன்னேன். பரதேசி சிறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். வண்டிக்காரன் கோயிலில் எழுந்து நின்றபோது பாயில் இருந்த பெண்கள் விம்மினார்கள். சுவரோரம் நின்றவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்து நின்று சொன்னவன் திரையில் இருக்க, சொல்லாமல் இருந்தவன் சுவரில் சாய்ந்து அழுவதைப் பார்த்தேன். அழுதுவிட்டு, மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். எனக்கு வீட்டில் யார் இருந்தார்கள்?

திரையில் அந்தத் தாய் நடந்து வந்தாள். நின்றாள். பேசினாள்.

நான் சொன்னேன்: "என்ர பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்குது. நான் உன்னை மன்னிக்க மாட்டன். கடவுளும் மன்னிக்க மாட்டார்."

அந்தக் கல் முகத்துக்கு அந்த வார்த்தைகள் அச்சொட்டாகப் பொருந்தின. மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இயந்திரச் சத்தத்தில் சுவாமிக்கு நான் சொன்னது கேட்கவில்லை. யன்னல் சாக்குகளை இழுத்துவிட்டபோது சுவரோரம் ஆளில்லை.

அன்று நான் பயப்படவில்லை என்பதையும் எழுதவேண்டும். வீட்டுக்கு வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடித்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த நாள்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் மனைவி வழியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், ஒண்டு கேக்கவேணும். அந்தப் படத்தில அந்தத் தாய் உண்மையா அப்பிடித்தான் சொன்னவவோ?"

"ஓம்."

"சுவாமி பூசையில அறிவிக்கேக்க மன்னிப்பைப் பற்றின படம் எண்டெல்லோ சொன்னவர்? அதை நம்பித்தான் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"மன்னிப்புக் கேக்கிறதைப் பற்றின படம்" என்றேன். "குடுக்கிறதைப் பற்றினது எண்டு அவர் சொல்லேல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்த வண்டிக்காரன் அதுக்குப் பிறகு என்னவானவன்?"

"படம் அதோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் பொய்யைக் கோபத்தில் சொன்னேன் என்று என்னையே தேற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது பொய்யைப் பட்டப்பகலில், நடுத்தெருவில், அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அந்த வருடம் பாஸ்காவுக்கு நான் பூசையில் நற்கருணை நன்மை வாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. விஞ்ச்காரர் கொம்பனியில் இல்லை என்றும், குச்சவெளிப் பக்கம் கருவாடு போடுகிற ஒருவரிடம் வேலைக்குப் போய்விட்டார் என்றும் யாரோ சொன்னார்கள். பிறகு அங்கேயும் குடிதான் என்றார்கள். அவரவர் செய்ததற்கு அவரவர் அனுபவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் கொம்பனியை விட்டுப் போனார் என்று நான் கேட்கவேயில்லை.

கார்த்திகை மாதம், மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை பதினொரு மணியளவில் சுவாமி சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அங்கி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னை வகுப்பிலிருந்து விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர், அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் அந்தத் தாய் சொன்னதை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்?"

கேட்டவுடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் தொடர்ந்தார். விஞ்ச்காரரை ஈரல் வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்களாம். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைக்காகச் சுவாமி அன்று காலை போனாராம். விஞ்ச்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்கு இது வேண்டாம் சுவாமி. கடவுளும் மன்னிக்க மாட்டார் எண்டு உங்கட படத்திலயே சொன்னதுதானே" என்றாராம்.

"அப்படி ஒரு வசனம் அந்தப் படத்தில் இல்லை" என்றார் சுவாமி. "என்ன சொன்னீர்கள்? எனக்கு உள்ளபடி சொல்லுங்கள்."

சொன்னேன். வகுப்புக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவாமி கண்ணை மூடினார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாருங்கள். இப்போதே" என்றார்.

மழைக்குள் நடந்தே போனோம். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

ஆண்கள் வார்டில் கடைசியிலிருந்து மூன்றாவது கட்டில். விஞ்ச்காரரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பு மஞ்சள் பூத்து, வயிறு வீங்கி, கையும் காலும் குச்சியாகிக் கிடந்தார். காலடியில் மனைவி நின்றாள். ஒரு மணித்தியாலமாகக் கூப்பிட்டுப் பேச்சில்லை என்றாள். மூச்சு மட்டும் தொண்டையில் இழுத்து இழுத்து வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒருவர், என்னைச் சொந்தக்காரி என்று நினைத்தாராக்கும், தான் இருந்த வாங்கைத் தூக்கி எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

"காது கடைசியாகத்தான் அடங்கும் என்பார்கள்" என்றார் சுவாமி. "அவர் காதில் சொல்லுங்கள்."

குனிந்தேன். மருந்து நெடியும் வேர்வை நெடியும் கலந்து வந்தன.

"நான் ரீச்சர்" என்றேன். "படத்தில அந்தத் தாய் சொன்னதை நான் மாத்திச் சொன்னனான். 'நீ வந்து சொல்லுவாய் எண்டு காத்துக்கொண்டிருந்தனான், நான் உன்னை மன்னிச்சிட்டன், வீட்டை போ' எண்டுதான் அவ சொன்னவ. கடவுளைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லை. அதைச் சொன்னது நான்."

அவருடைய கண்ணிமை துடித்தது. ஆனால் நான் பேசுவதற்கு முதலும் அது துடித்துக்கொண்டுதான் இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"அது படத்தில இருக்கிறவ சொன்னது" என்றாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

படத்தில் இருந்தவளின் மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடி வந்திருந்தேன். என்னிடம் எனக்கென்று ஒன்றுமில்லை. 'நான் மன்னித்துவிட்டேன்' என்ற சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அது பொய்யாக இருந்தது. அந்த மனிதரின் தலைமாட்டில் நின்று இன்னொரு பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை.

அவளே தொடர்ந்தாள். "உங்களுக்குத் தெரியாது போல. படம் பாத்து ஒன்பதாம் நாள் இவர் கொம்பனிக் கந்தோருக்குப் போனவர். அண்டைக்குக் குடிச்சிட்டுத்தான் விஞ்சில ஏறினனான், கயிறு பழசில்லை எண்டு சொல்லி ஒப்பம் வைச்சிட்டு வந்தவர். அண்டைக்கே வேலை போச்சு. ரீச்சரிட்டையும் போய்ச் சொல்லுங்கோ எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தனான். 'ரீச்சர் வாயாலயே பதில் கேட்டாச்சு. திரும்பவும் போய் அந்த மனுசியைக் கரைச்சல்படுத்தக் கூடாது' எண்டவர்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் இருந்த வண்டிக்காரன் செய்ததை இந்த மனிதர் செய்திருக்கிறார். மன்னிப்புக் கிடையாது என்று தெரிந்துகொண்டே செய்திருக்கிறார். நான் விசாரணையில் எதிர்பார்த்த அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லி எட்டு மாதமாகியிருந்தது. அது எனக்கு வந்து சேராமல் தடுத்தது என்னுடைய வாய்தான்.

சுவாமி எண்ணெயை எடுத்துச் செபம் சொல்லிப் பூசினார். அடுத்த நாள் காலை விஞ்ச்காரர் இறந்தார். கோயில் சேமக்காலையிலேயே அடக்கினார்கள். நான் மதிலுக்கு வெளியே, தெருவில் நின்றேன்.

அந்த மாரி முழுவதும் என்னால் செபிக்க ஏலவில்லை. மன்னிப்பு எனக்குள் ஒரு வெளிச்சமாக வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி வரவில்லை. பிடித்து வைத்திருந்த கோபம், பிடிப்பதற்கு ஆளில்லாமல் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. ஒரு நாள் காலை என் கணவர் உடுத்த பழைய சாரம் ஒன்றைக் கிழித்துத் தரை துடைக்கும்போது, விஞ்ச்காரரை மனதுக்குள் 'அவர்' என்று நினைத்தேன். அவ்வளவுதான். அப்போது தை மாதம் பிறந்துவிட்டிருந்தது.

அந்தத் தாயின் முகம் ஏன் கல்லாக இருந்தது என்று அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. மன்னிப்பது மனம் இளகுவது என்றுதான் வகுப்பில் நான் படிப்பித்து வந்தேன். மனம் இளகாமல் இருக்கும்போதே, கால் நடக்க மறுக்கும்போதே, ஒவ்வொரு அடியாக நடந்து போய் அவள் அதைச் சொன்னாள். அந்த நடையைத்தான் நான் படத்தில் பார்த்திருக்கவேண்டும். எழுதாமல் விட்ட நாலாவது பாடம் அதுதான். பிள்ளைகளுக்கு அது கடினம் என்று சுவாமியிடம் சொன்னேனே, கடினமாக இருந்தது எனக்கு.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பாவப் பரிகாரமாகச் சுவாமி ஒரு தபசு மட்டும் தந்தார். "பொய் சொன்ன இடத்திலேயே உண்மையைச் சொல்லவேண்டும்."

அடுத்த தபசு காலத்தில் அதே மண்டபத்தில், அதே படம். தொடங்குவதற்கு முன் திரைக்கு முன்னால் போய் நின்று, போன வருடம் நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். யாருக்காக மாற்றினேன் என்பதையும் சொன்னேன். வெக்கையில் விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பிறகு பின் வாங்கிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"ரெண்டு கதையில எது பொய் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும் ரீச்சர்?"

"சுவாமியைக் கேளுங்கோ" என்றேன். சுவாமி எழுந்து நின்று தன் புத்தகத் தமிழில் அந்த இரண்டு வசனங்களையும் தானே சொன்னார். பிறகு விளக்கை அணைத்தார்கள். நான் படத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். அந்தத் தாய் பேசும் இடம் வந்தபோது அவள் சொன்னதையே சொன்னேன். ஒருவரும் அழவில்லை. அழுகிற மாதிரிப் படம் என்று அன்று ஒருவருக்கும் தோன்றியிராது.

சில பெற்றோர் பிள்ளைகளை என் ஞானோபதேச வகுப்பிலிருந்து நிற்பாட்டினார்கள். அதற்கு அடுத்த மாதம் நானே வகுப்பை விட்டு விலகினேன். விஞ்ச்காரரின் மனைவி அன்று மண்டபத்துக்கு வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூதூரில் இருந்த தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு அறிந்தேன். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பல வருடங்கள் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. துறையடியில் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைப் பாதை என்போம். தினமும் காலையில் அதில்தான் போவேன். ஒரு நாள் பாதையில் ஏறியபோது, கம்பியில் சாய்ந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. காலடியில் ஒரு பன்பை. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு மூதூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போனேன். "என்னைத் தெரியுதோ?"

"தெரியாமல்?" என்றாள்.

பாதை நகர்ந்தது. நடுத் தண்ணீருக்கு வந்தது. பிறகு சொன்னேன். "உங்கட மனுசனை நான் மன்னிச்சிட்டன். அண்டைக்கு நீங்கள் கேக்கேக்க எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. அப்ப சொல்லியிருந்தால் அது பொய்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு அது இனித் தேவையில்லை ரீச்சர். அவர் போய்ச் சேரவேண்டிய இடத்தில கேட்டு அறிஞ்சிருப்பார்."

"ஓம்" என்றேன். "உங்களிட்டை நான்..."

"கேக்காதேங்கோ." அவள் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். கோபமில்லாத முகம். களைத்த முகம். "நீங்கள் கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டி வரும். எங்கள் ரெண்டு பேருக்கும் இடையில சொன்ன பொய்யே காணும், இனி வேண்டாம்."

அக்கரையில் பாதை முட்டிக்கொண்டு நின்றது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு மூதூர் பஸ் பக்கம் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

அவள் அப்படிச் சொன்னதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். வாயளவில் மன்னித்து என்னை அனுப்பியிருந்தால் நான் அதையும் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று சுவாமி சொன்னதை நான் நம்புகிறேன். அவருடைய பெயரால் நான் மூடிய கதவை அவரே திறந்து அந்த மனிதரை உள்ளே எடுத்திருப்பார் என்றும் நம்புகிறேன். ஆனால் அவள் மன்னிப்பது அவளுடைய நடை. அதை இத்தனை நாளில் நடந்து முடி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

அதற்குப் பிறகும் பாதையில் நாங்கள் சில தடவை சந்தித்தோம். மழையைப் பற்றியும் அரிசி கிடைக்காததைப் பற்றியும் கதைத்தோம். கடைசியாகக் கண்டபோது மூத்த மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்திருப்பதாகச் சொன்னாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டேன். வாற மாதம் என்றாள். வரச்சொல்லி என்னைக் கேட்கவில்லை.